வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

உங்களில் யாருக்காவது மூன்றாம் பாரத்துச் சரித்திரப் புத்தகத்தின் அறுபத்து மூன்றாம் பக்கம் நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. நேற்று ராத்திரி மாத்திரை சாப்பிட்டேனா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் மருமகளைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தை இப்போது கேட்டாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சொல்லிவிடுவேன். அதனால்தான் அந்த வருஷம் எனக்கு அவ்வளவு கஷ்டமும் வந்தது, அவ்வளவு சந்தோஷமும் வந்தது.

மூன்றாம் பாரம் என்றால் இப்போதைய எட்டாம் வகுப்பு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோளுக்குப் பின்னால் நின்று பேரன் பேத்தி யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. காகிதம் கிடைக்காது. ஒரே நோட்டில் முதலில் பென்சிலால் எழுதுவோம். அது நிரம்பியதும் அதே பக்கங்களில் பென்சில் எழுத்துக்கு மேலேயே மையால் எழுதுவோம். கொஞ்சம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் பூகோளத்துக்கு அடியில் போன மாதத்துக் கணக்கு தெரியும். அந்த நோட்டுகளில் ஒன்றாவது என்னிடம் இருந்திருக்கக் கூடாதா என்று பல நாள் ஏங்கியிருக்கிறேன். கடைசியில் அவையெல்லாம் மளிகைக் கடைக்குப் பொட்டலம் கட்டப் போய்ச் சேர்ந்தன.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில். பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருச்சியில், கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம். அப்பாவுக்குப் பொன்மலையில் ரயில்வே வேலை. காலை ரயிலில் இரண்டு பேரும் ஒன்றாக ஏறுவோம். ஆற்றுப் பாலம் தாண்டியதும் டவுன் ஸ்டேஷனில் நான் இறங்கிக்கொள்வேன். அப்பா அதே ரயிலில் பொன்மலைக்குப் போவார். வழியில் பேச்சு கிடையாது. அவர் பேப்பரை விரித்துவிடுவார். நான் பாலத்தின் இரும்புக் கட்டைகளை எண்ணிக்கொண்டு வருவேன்.

எனக்கு மனப்பாடம் வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கிறவர், பாசுரம் ஓதுகிறவர். காலையில் கூடத்தில் நாலு பையன்களை உட்காரவைத்துச் சந்தை, அதாவது பிரபந்தப் பாடம், சொல்லிவைப்பார். அவர் ஒரு வரியை ஒரு தடவை சொல்ல, பையன்கள் அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். நான் சமையலறையில் அம்மாவுக்குக் கொத்தவரங்காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டு கேட்பேன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காதில் விழுந்தது, தங்கிவிட்டது. பிறகு அச்சில் இருக்கிற எதையும் மனசுக்குள் ஒரு தடவை சொல்லி, இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக்கொண்டால் போதும். அர்த்தம் என்று ஒன்று தனியாக உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மார்கழியில் அரைப் பரீட்சை. சரித்திரத்தில் ஒரு ராஜாவைப் பற்றிக் கேள்வி. அறுபத்து மூன்றாம் பக்கத்தை அப்படியே இறக்கிவைத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்துச் சரித்திர வாத்தியார் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். வயசானவர், பஞ்சகச்சம், கோட்டு. அதட்டிப் பேசியே பழக்கமில்லாதவர். அன்றைக்கும் அதட்டவில்லை.

“புஸ்தகத்தைப் பாத்து எழுதினியாம்மா?”

“இல்லை சார்.”

“ஒரு எழுத்துகூட மாறாம அப்படியே இருக்கே. இதோ பார், ‘ஏரிகளை வெட்டி, அவற்றின் கரைகளில் மாங்களை நட்டார்’னு எழுதியிருக்கே. மரங்களைன்னு இருக்கணும். புஸ்தகத்துல அச்சுப் பிழை, மாங்களைன்னு விழுந்திருக்கு. மனசிலேர்ந்து எழுதறவ யாராவது மாங்களைன்னு எழுதுவாளா?”

புத்தகத்தில் அப்படித்தானே இருந்தது? மாங்களை என்றால் ராஜாக்கள் நடுகிற ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. வாத்தியார் விடைத்தாளில் பெரிதாகப் பூஜ்யம் போட்டார்.

தலைமை ஆசிரியையான மதர், அப்பாவை வரச் சொன்னார். வைகுண்ட ஏகாதசிக்கு வந்திறங்குகிற கூட்டம் ஸ்டேஷன் முழுக்க நின்ற ஒரு நாளில் அப்பா லீவு போட்டுவிட்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மதரின் அறையில் மெழுகு வாசனை. சரித்திர வாத்தியாரும் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அப்பாவை உட்காரச் சொன்னார்கள், அவர் உட்காரவில்லை. மதர் சொன்னதற்கெல்லாம், “எஸ் மதர், எஸ் மதர்” என்று தலையை ஆட்டினார். யாராவது என்னைப் பார்த்து, “எங்கே, அந்தப் பக்கத்தைச் சொல்லு பார்ப்போம்” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே ஒப்பித்திருப்பேன். கேட்கவில்லை. மூன்று பெரியவர்கள், மூன்று பேரும் நல்லவர்கள், ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

திரும்பி வரும்போது பாலத்தின் மேல் அப்பா சொன்னார்: “படிப்பு எல்லாருக்கும் வராது. உன் மேல தப்பில்லை. இந்த வருஷத்தோட நிறுத்திக்கலாம்.”

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

*

புது டீச்சர் பொங்கலுக்குப் பிறகு வந்து சேர்ந்தார். மதராஸில் பி.ஏ.வும், ஆசிரியர் பயிற்சிக்கு எல்.டி.யும் படித்துவிட்டு நேராக வந்தவர். இருபத்து மூன்று வயசுக்கு மேல் இருக்காது. அன்றைக்கு எங்களுக்கு அது பெரிய வயசாகத் தெரிந்தது. பாலக்கரைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். வெள்ளைக் கதர்ப் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. வேகமாக நடப்பார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டு நாங்கள் புத்தகத்தைத் திறப்பதற்குள் உள்ளே வந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் எங்களுக்குத் தையல். யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தையல் நின்று போயிருந்தது. அந்த பீரியடைப் புது டீச்சரிடம் கொடுத்து, ‘ஏதாவது செய்துகொள்ளுங்கள்’ என்று மதர் சொன்னாராம். முதல் வெள்ளிக்கிழமை அவர் போர்டில், ‘படிப்பது எப்படி?’ என்று எழுதினார். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம். எட்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம், இப்போது வந்து எப்படி என்கிறாரே!

“சிரிங்க, சிரிங்க. எல்லாரும் ஸ்லேட்டை எடுங்க,” என்றார்.

மூன்றாம் பாரத்தில் ஸ்லேட்டா என்று முனகினோம். காகிதப் பஞ்சத்தால் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு ஸ்லேட்டுகளை எல்லாருக்கும் கொடுத்திருந்தார்கள். என்னுடையதின் மரச்சட்டம் ஒரு மூலையில் பிளந்து, துணி சுற்றியிருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் ஒரு மண் வாசனை வரும். டீச்சர் பூகோளப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை உரக்கப் படித்தார். “இப்ப நான் சொன்னதை உங்க வார்த்தையில எழுதுங்க,” என்றார்.

நான் எழுதினேன். டீச்சர் ஒவ்வொரு பெஞ்சாக வந்தவர் என் ஸ்லேட்டருகில் நின்றுவிட்டார். ஸ்லேட்டைப் பார்த்தார். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி ஸ்லேட்டைப் பார்த்தார்.

“இந்தப் பாடத்தை முன்னாடியே படிச்சிருக்கியாம்மா?”

“ஆமாம் டீச்சர்.”

“இந்தப் பாடம் மட்டும்தானா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சிநேகிதி குறுக்கே பேசினாள். கம்பவுண்டர் மகள், கத்தோலிக்கப் பெண், எதற்கும் பயப்படாதவள். “அவளுக்குப் புஸ்தகம் பூரா தெரியும் டீச்சர். சரித்திரம்கூட. அதனாலதான் சார் பூஜ்யம் போட்டாரு.”

டீச்சர் சரித்திரப் புத்தகத்தை வாங்கி, ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, முதல் நாலு வார்த்தையைச் சொன்னார். நான் மிச்சத்தைச் சொன்னேன். இன்னொரு பக்கம். அதையும் சொன்னேன். பிறகு சிநேகிதி எடுத்துக் கொடுத்த அறுபத்து மூன்று. மாங்களை வந்த இடத்தில் டீச்சர் கையை உயர்த்தினார்.

“மாங்களைன்னா என்ன?”

“தெரியாது டீச்சர்.”

“யாரையும் கேக்கலையா?”

“புஸ்தகத்துல இருந்தது டீச்சர்.”

டீச்சர் சிரித்துவிட்டார். ஆனால் அது மற்றவர்கள் சிரித்த சிரிப்பு இல்லை. என் தோளில் கை வைத்து, “இது பெரிய சொத்தும்மா. ஆனா பாதி வேலைதான் ஆகியிருக்கு. மீதியை இந்த வகுப்புல பார்ப்போம்,” என்றார்.

அன்று மணி அடித்ததும் என்னை அழைத்துக்கொண்டு நேரே ஆசிரியர் அறைக்குப் போனார். சரித்திர வாத்தியார் எதிரில் நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னார். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “மார்க்கு ரிஜிஸ்தர்ல ஏறிப்போச்சேம்மா, மாத்த முடியாதே,” என்றார். பிறகு, “நான் கேட்டிருக்கணும்,” என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து வகுப்பில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ‘குழந்தே’ என்று கூப்பிட ஆரம்பித்தார்.

*

அந்த வெள்ளிக்கிழமைகளில் என்னென்ன செய்தோம் என்று இப்போது நினைத்தால் எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஒரு பத்தி படித்தால் அதிலிருந்து மூன்று கேள்வி நாமே போட வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டு, பக்கத்தில் இருப்பவளுக்குப் பாடம் சொல்ல வேண்டும். அவள் ‘புரியல’ என்றால் தப்பு சொன்னவளுடையது. பரீட்சைத் தாள் வந்ததும் எழுத ஆரம்பிக்கக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு தாள் முழுவதையும் இரண்டு தடவை படிக்க வேண்டும். கணக்கில் புத்தகத்து எண்ணை, எழுத்தை மாற்றிப் போட்டுச் செய்து பார்க்க வேண்டும்.

என் சிநேகிதிக்கு எதைச் சொன்னாலும் புரியும், மறுநாள் மறந்துவிடும். எனக்கு எதுவும் மறக்காது, புரியாது. டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் ஜோடி சேர்த்தார். மத்தியானம் வேப்பமரத்தடியில் சாப்பாடு. அவள் தூக்கில் மீன் குழம்பு. என் தூக்கில் தயிர் சாதமும் மாவடுவும். நடுவில் ஒரு முழம் இடம் விட்டு உட்காருவோம். ஆரம்பத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவேன். பங்குனி வருவதற்குள் அந்த ஒரு முழம் எப்போது இல்லாமல் போயிற்று என்று எனக்கே தெரியாது.

“முக்கோணத்தோட மூணு கோணத்தையும் கூட்டினா எப்பவும் ஒரே அளவுதான் வரும். ஏன், சொல்லு?” என்பாள்.

“புஸ்தகத்துல இருக்கு.”

“அடி போடி! ஏன்னு கேட்டேன்.” ஒரு வேப்ப இலைக் காம்பை எடுத்து மண்ணில் கோடு இழுத்துக் காட்டுவாள். ஒரு நாள் திடீரென்று எனக்குத் தெரிந்தது. எதிரே ஒரு கதவைத் திறந்த மாதிரி இருந்தது. “ஐயோ, இதுதானா!” என்று கத்திவிட்டேன். அவளுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

வீட்டில் படிக்க நேர அட்டவணை போடச் சொன்னார் டீச்சர். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். ஆறு முதல் ஏழு, கணக்கு. ஏழு முதல் ஏழரை, இங்கிலீஷ். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “பொம்மனாட்டிக்கு டயம்டேபிள் வேற வேண்டியிருக்கோ? ரயிலா ஓட்டப் போறே?” என்றாள். என் படிப்புக்கு எதிரி அம்மாதான் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். ரொம்ப வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டும் இருந்தேன். ஆனால் இப்போது நிதானமாக யோசித்துப் பார்க்கிறேன். அட்டவணை ஒட்டிய நாளிலிருந்து ஆறு மணிக்கு மேல் அம்மா என்னைக் கூப்பிட்டதாக ஒரு ஞாபகமும் இல்லை. அதற்கு முன்னால் விளக்குத் துடைப்பது, பூத் தொடுப்பது, தம்பிக்குச் சாதம் போடுவது எல்லாம் அந்த நேரத்தில்தான். அதையெல்லாம் யார் செய்தார்கள்? அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அந்தத் தாளின் எதிரே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்திருக்க வேண்டும்.

*

மாசியில் டீச்சர் புதிதாக ஒரு வேலை கொடுத்தார். வேலைக்குப் போகிற பெண் ஒருத்தியைப் பார்த்து மூன்று கேள்வி கேட்டுவர வேண்டும். காலையிலிருந்து சாயந்திரம் வரை என்ன செய்கிறீர்கள்? அதற்கு என்ன படித்தீர்கள்? இன்னும் எதைப் படித்திருக்கலாம் என்று நினைக்கிறீர்கள்?

வகுப்பில் பாதிப் பேர் நர்ஸம்மாக்களைப் பிடித்தார்கள். எங்கள் வீதியில் வேலைக்குப் போகிற பெண் யாரும் கிடையாது. டீச்சர் என்னையும் சிநேகிதியையும் ஒரு சனிக்கிழமை காலையில் தாமே டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு அழைத்துப் போனார். அங்கே வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய அம்மாள் அவருக்குத் தெரிந்தவர்.

அப்படி ஒரு அறையை நான் பார்த்ததில்லை. சுவரளவு பலகை. பலகை நிறையத் துவாரம், ஒவ்வொன்றுக்கும் மேலே சின்னத் தகடு. யாராவது கூப்பிட்டால் தகடு ‘டக்’கென்று விழும். பூப்போட்ட கவுன் போட்ட அந்த அம்மாள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, “நம்பர் ப்ளீஸ்” என்று பாடுகிற மாதிரிச் சொல்வார். கயிற்றை இழுத்து ஒரு துவாரத்தில் செருகுவார். அடுத்தது. அடுத்தது. சூடான ரப்பர் வாசனை, அந்த அம்மாளின் பவுடர் வாசனை. எந்த ஆபீஸ், எந்த டாக்டர் வீடு என்றாலும் புத்தகத்தைப் பார்க்காமல் நம்பர் வந்து விழுந்தது.

நான் சுவரில் ஒட்டியிருந்த நம்பர் பட்டியலை, அந்த ஜாபிதாவைப் படித்துக்கொண்டு நின்றேன். பழக்கதோஷம். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு புதுக் கடையின் பெயரைச் சொல்லிக் கேட்க, அந்த அம்மாள் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி யோசித்து, ஜாபிதா பக்கம் திரும்பினார். அவர் கண் அதைத் தேடுவதற்குள் நான் நம்பரைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கயிற்றைச் செருகிவிட்டுத் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். “எவ்ளோ நேரம் பார்த்தே?” கொச்சைத் தமிழ்.

“இப்பத்தான், நிக்கும்போது.”

“எல்லாம் தெரியுமா?”

“முதல் ரெண்டு வரிசை.”

“பெரிசு ஆனப்புறம் இங்க வா. ஆனா எஸ்.எஸ்.எல்.சி. வேணும். இங்கிலீஷ் வேணும். வராம இருக்காதே, என்ன?”

சிநேகிதி என் கையைக் கிள்ளினாள். கேட்க வந்த மூன்று கேள்விகளையும் நான் மறந்துவிட்டேன். அந்த வயசில் நான் மறந்தது அது ஒன்றுதான். அவள்தான் எனக்கும் சேர்த்துக் கேட்டாள்.

வெளியே வரும்போது எங்கள் வீதிக்காரர் ஒருவர் எதிரில் போனார். அன்று மாலைக்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. சித்தப்பா கூடத்தில் நின்றுகொண்டு, “அண்ணா, பொண்ணை டெலிபோன் வேலைக்கு அனுப்பப் போறேளா? ஊர்ல கேக்கறா,” என்றார். அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார், கால் அலம்பப் போனார்.

*

இந்தச் சமயத்தில்தான் அந்தக் காகிதம் வந்தது. நாலாம் பாரம் போகிறவர்கள் விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். கணக்கா, மனையியலா என்று எழுதி அப்பா கையெழுத்துப் போட வேண்டும். டீச்சர் அதைக் கொடுக்கும்போது, “இது சாதாரணக் காகிதம் மாதிரி இருக்கும். ஆனா மூணு வருஷம் கழிச்சு நீங்க காலேஜ்ல சேரணும்னு நெனச்சா, இன்னிக்கு இதுல என்ன எழுதினீங்கன்னுதான் கேப்பாங்க. அப்ப மாத்த முடியாது. வீட்டுல பேசுங்க. அழாம பேசுங்க,” என்றார்.

நான் காகிதத்தைக் கொடுத்தேன். அப்பா மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு வாரம் பையிலேயே இருந்தது. மேலே படிக்கவே வேண்டாம் என்று சொன்னவரிடம் எந்தப் பாடம் என்று எப்படிக் கேட்பது? கடைசி நாளும் வந்துவிட்டது.

அன்று காலை ரயிலில் அப்பா பேப்பரை விரிக்கவில்லை. வண்டி பாலத்தில் ஏறியதும், “கணக்கு எடுக்கணும்னு ஆசைப்படறயாமே? அம்மா சொன்னா. பாத்து எழுதிப் பாஸ் பண்ற பாடமில்லையே அது,” என்றார்.

“நான் பாத்து எழுதலை அப்பா.”

“என்னது?”

“அன்னிக்குச் சரித்திரப் பரீட்சையில நான் பாத்து எழுதலை. எனக்கு மனப்பாடம். சாரே அப்புறம் ஒத்துண்டுட்டார்.”

“அன்னிக்கே ஏன் சொல்லலை?”

“யாரும் கேக்கலையே அப்பா.”

அப்பா என் முகத்தையே பார்த்தார். நான் அழவில்லை, டீச்சர் சொல்லியிருந்தாரே. ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். கோடையில் தண்ணீர் இறங்கி, கரை மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. “அந்த ராஜா ஏரிக் கரையில ஏன் மரம் நட்டார் தெரியுமா அப்பா? நிழலுக்குன்னுதான் நானும் நெனச்சேன். பாருங்கோ, வேர் மண்ணை எப்படிப் புடிச்சுண்டிருக்கு. வெள்ளம் வந்தாலும் கரை உடையாது. இது புஸ்தகத்துல இல்லை. நானே கேள்வி போட்டு, நானே கண்டுபிடிச்சேன்.”

பிறகு நான் நிறுத்தவே இல்லை. முக்கோணம், வேப்பங்காம்பு, ஸ்லேட்டு, நம்பர் ஜாபிதா என்று மூன்று மாதத்து விஷயத்தைக் கொட்டினேன். அப்பா குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார். வண்டி நின்றது, கிளம்பியது. எதிரில் உட்கார்ந்திருந்தவர்தான், “பாப்பா டவுன்ல எறங்கலையா?” என்று கேட்டார். டவுன் ஸ்டேஷன் போயே போய்விட்டது!

“அடடா,” என்றார் அப்பா. கோபமே இல்லை. சிரித்த மாதிரிகூட இருந்தது.

அப்படித்தான் நான் முதலும் கடைசியுமாக அப்பாவின் ஆபீஸைப் பார்த்தேன். ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு வெளியிலேயே அவர்களுடைய ஸ்டோர் ஆபீஸ். திரும்பிப் போகிற வண்டி வரும்வரை என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். எண்ணெய்க் கறையோடு ஒரு தொழிலாளி வந்து, ஏதோ ஒரு வால்வின் பெயரைச் சொன்னார். அப்பா தலையைத் தூக்காமல், “நாலாவது வரிசை, பதினேழாம் தட்டு, இடது பக்கம்,” என்றார். இன்னொருத்தர் வந்தார். அவருக்கும் அப்படியே. பக்கத்து நாற்காலிக்காரர் என்னிடம் குனிந்து, “உங்கப்பா லீவு போட்டா இங்க ஒரு ஆணி கிடைக்காதும்மா. எல்லாம் அவர் தலையிலதான் இருக்கு,” என்றார்.

வீட்டில் பேசாத அப்பா, பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற அப்பா. நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இது சித்தப்பாவின் சந்தையிலிருந்துதான் வந்தது என்று நினைத்திருந்தேனே.

பிளாட்பாரத்துக்கு என்னோடு நடந்து வந்தார். பெஞ்சில் உட்கார்ந்ததும், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நான் இண்டர்மீடியட்ல கணக்குல ரெண்டு தரம் தவறினேன். தெரியுமோ?”

தெரியாது. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

“புஸ்தகத்துல முக்கோணத்துக்கு ஏ, பி, சின்னு போட்டிருந்தது. அப்படியே நெட்டுருப் போட்டேன். பரீட்சையில எக்ஸ், ஒய், இஸட்னு போட்டுட்டான். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அதோட படிப்பு போச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “எனக்கு வராதது உனக்கும் வராதுன்னு நெனச்சுட்டேன்.”

“டீச்சர் எழுத்தை மாத்தி மாத்திப் போட்டுத்தான் பண்ணச் சொல்றா அப்பா,” என்றேன்.

“அப்படியா? எங்களுக்கு அதை யாரும் சொல்லலை,” என்றார். கோட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். மடிப்பில் வியர்வை பட்டு லேசாகக் கிழிந்திருந்தது. டிபன் காரியர் மூடியின் மேல் அதை வைத்து, பேனாவைத் திறந்து, ‘கணக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மூடியின் விளிம்பு பட்ட இடத்தில் கையெழுத்து ஒரு துள்ளுத் துள்ளியிருந்தது.

*

முழுப் பரீட்சையில் நான் வகுப்பில் ஏழாவதாக வந்தேன். முதலாவதாக வரவில்லை என்று யாரும் வருத்தப்படவில்லை. சரித்திரத்தில் என் விடைத்தாளின் ஓரத்தில், ‘உன் வார்த்தை’ என்று வாத்தியார் சிவப்பு மையில் எழுதியிருந்தார். மார்க்கைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

கணக்கை எடுத்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோது காலேஜில் சேர எனக்கு வழி இருந்தது. அப்பாவும் சரி என்றார். நான்தான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறேன் என்றேன். அப்போது வேறு ஊரில் வேலையாக இருந்த டீச்சருக்குக் கடிதம் எழுதினேன். ‘இதற்காகவா உன்னை அங்கே அழைத்துப் போனேன்?’ என்று வருத்தப்பட்டுப் பதில் போட்டார். அவர் நினைத்தது தப்பு. முப்பத்து மூன்று வருஷம் அந்தப் பலகைக்கு எதிரில் உட்கார்ந்தேன். ஒரு நாளும் ஏன் வந்தோம் என்று நினைத்ததில்லை. ஊர் முழுக்க என் காதுக்குள் இருந்தது. பிறகு மேற்பார்வையாளராகி, புதிதாக வருகிற பெண்களுக்கு மூன்று கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தேன். ஊர் கேட்கும் என்று கவலைப்பட்ட சித்தப்பா, டில்லியில் இருந்த மகனோடு பேச டிரங்க்கால் போட வேண்டுமானால் வேறு யாரையும் நம்ப மாட்டார். “எங்க ஆத்துப் பொண்ணு இருக்காளோ அங்க?” என்றுதான் ஆரம்பிப்பார்.

என் சிநேகிதியும் கணக்குதான் எடுத்தாள். அவள் அப்பா யோசிக்கவே இல்லையாம். டாக்டருக்குப் படித்துவிட்டுத் துறையூர்ப் பக்கம் ஆஸ்பத்திரியில் வெகுகாலம் இருந்தாள். மருந்துப் பெயர் மறந்துபோனால் எனக்கு டெலிபோன் செய்வதாக எல்லாரிடமும் சொல்வாள். பொய். இரண்டே தடவைதான் செய்தாள்.

அந்த வருஷத்துக் கடைசி வெள்ளிக்கிழமையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வெயில் கொளுத்தியது. பரீட்சை முடிந்துவிட்டதால் பாடம் எதுவும் இல்லை. டீச்சர் மேஜை மேல் சாய்ந்துகொண்டு, “இத்தனை நாள் நான் உங்களைக் கேட்டேன். இன்னிக்கு நீங்க என்னைக் கேளுங்க. எது வேணும்னாலும் கேளுங்க,” என்றார்.

நான் எழுந்தேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

“டீச்சர், நீங்க பெரியவாளானப்புறம் என்னவா ஆகப் போறேள்?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்து, யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். முகவாயில் சாக்பீஸ் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷத்தில்தான் அவர் எங்களைவிடப் பத்து வயசுதான் மூத்தவர் என்று எனக்குத் தெரிந்தது.

“எனக்கு இன்னும் தெரியலையேம்மா,” என்றார். “கண்டுபிடிச்சதும் சொல்றேன்.”

மணி அடித்தது. நாங்கள் முப்பது பேரில் ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை.